உயிரோடு இருந்தபோது இது என்ன வேலை பார்த்தது?

(திருச்சி காட்டூரில் பகுதி மக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நம் தஞ்சாவூர் சாலையில் கறிக்கடைகளின் முன்னால் வரிசை நிற்கிறது. "அண்ணே, தொடைக்கறி அரைக் கிலோ, ஈரல் கால் கிலோ, நெஞ்செலும்பு கொஞ்சம் சேத்துப் போடுங்க" என்கிறோம். அவரும் எந்த இடத்தில் கத்தி வைத்தால் மூட்டு கழலும், எங்கே தொட்டால் பித்தப்பை உடையாமல் வரும் என்று அறிந்து அறுத்துக் கொடுக்கிறார். இதே திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகள் உடற்கூறியல் படிக்கிறார்கள். கறிக்கடைக்காரர் தினமும் பார்ப்பதும் உடற்கூறுதான். ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவ மாணவர் ஓர் உறுப்பைக் கையில் எடுத்ததும், இது என்ன வேலை பார்த்தது என்று கேட்கிறார். நாம் அதைக் கேட்பதில்லை.

கால்நடை மருத்துவனாக நெடுங்காலம் அறுத்த ஆடுகளின் ஈரலையும் நுரையீரலையும் கையால் தடவிப் பார்த்துச் சோதித்தவன் நான். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஆட்டின் எந்த உறுப்பும் நம் அடுப்புக்காக உண்டாகவில்லை. அது அந்த ஆட்டின் உயிருக்காக ஒரு வேலை செய்தது. அந்த வேலையைத் தெரிந்துகொண்டால், அதில் என்ன சத்து இருக்கிறது, எவ்வளவு தின்னலாம், யார் தின்னக் கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

சதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கே தெரியும். அதிகம் உழைத்த தசை கடினமாக இருக்கும், நெடுநேரம் வேக வேண்டும். முதுகெலும்பின் அடியில் இருக்கும் தசை அதிகம் உழைப்பதில்லை, சீக்கிரம் வெந்துவிடும். காலில் தசையை விட நாரும் தோலும் மூட்டுச் சவ்வும்தான் அதிகம். அவற்றில் இருக்கும் கொலாஜன் மணிக்கணக்கில் கொதித்தால் கரைந்து கூழாகும். பாயா ஆறினால் கெட்டியாக உறைவது அதனால்தான். இதயமும் தசைதான், ஆனால் பிறப்பதற்கு முன்பே துடிக்கத் தொடங்கி அறுபடும் வரை ஒரு நிமிடமும் ஓயாத தசை. அதனால் கொழுப்பு குறைவு, இறுக்கம் அதிகம், இரும்பும் பி வைட்டமின்களும் நிறைய.

இனி ஈரலுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும்.

குடலில் உறிஞ்சப்படும் உணவுச் சத்தில் பெரும்பகுதி முதலில் போய்ச் சேரும் இடம் ஈரல். வருவதைப் பிரித்து, வேண்டியதை மாற்றி அனுப்பி, மிஞ்சியதைச் சேமிக்கிறது. சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. ஈரலில் லேசான இனிப்பு தட்டுவதற்கு அதுவே காரணம். வைட்டமின் ஏ, பி12, இரும்பு, தாமிரம் எல்லாம் அங்கே சேருகின்றன. பச்சை இலை கிடைக்காத கோடையையும் ஆடு தாண்டியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் புல் கருகிக் கிடக்கும்போது, மார்கழியில் மேய்ந்தது ஈரலிலிருந்து வருகிறது.

அந்தச் சேமிப்பைத்தான் நாம் வறுத்துச் சாப்பிடுகிறோம். 100 கிராம் செம்மறி ஈரலில் 7,000 மைக்ரோகிராம் அளவுக்கு வைட்டமின் ஏ இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 840. ஒரு சிறு கிண்ணம் ஈரல் ஒரு வாரத்துக்கும் மேலான தேவையை ஒரே வேளையில் கொடுத்துவிடுகிறது. மாலைக்கண் வந்த பிள்ளைக்கு ஆட்டு ஈரல் கொடுக்கச் சொன்ன நம் பாட்டிமார் கண்ணின் விழித்திரையைப் பார்த்ததில்லை. ஆனாலும் சரியாகச் சொன்னார்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் நிறமியை உண்டாக்க வைட்டமின் ஏ வேண்டும். எகிப்தில் கிடைத்த, ஏறக்குறைய 3,500 ஆண்டு பழமையான ஈபர்ஸ் மருத்துவச் சுவடியிலும் கண் நோய்க்கு வாட்டிய மாட்டு ஈரல் சொல்லப்பட்டிருக்கிறது.

இதைவிட எனக்கு வியப்பான செய்தி நம் அங்கன்வாடியில் இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்தில் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து வயது வரை வைட்டமின் ஏ திரவம் வாயில் ஊற்றுகிறார்களே, 1970-இல் தொடங்கிய திட்டம் அது. தினமும் சோறு ஊட்டுகிற நாம் இதை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தால் எப்படிப் போதும்? பிள்ளையின் ஈரலும் ஆட்டின் ஈரலைப் போலவே சேமிப்பதால் போதும். அந்தத் திட்டம் முழுவதும் ஈரலின் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

சேமிக்கும் உறுப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. மிஞ்சிய பி வைட்டமின்களில் பெரும்பாலானவை சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, எளிதில் வெளியேறாது. 1913 தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் உணவு தீர்ந்துபோய், இழுவை நாய்களைக் கொன்று அவற்றின் ஈரலைத் தின்ற சேவியர் மெர்ட்ஸ் என்ற பயணி தோல் உரிந்து, புத்தி தடுமாறி இறந்தார். வைட்டமின் ஏ மிகுந்ததே காரணம் என்று பின்னாளில் பல ஆய்வாளர்கள் கருதினார்கள். ஒரு வேளை ஈரல் வறுவலால் நமக்கு அப்படி ஆகாது. ஆனால் வயதுவந்தவருக்கு அன்றாட மேல் எல்லை 3,000 மைக்ரோகிராம் என்பதை மனத்தில் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் 50 கிராம் போதும். சிறு பிள்ளைக்கு இரண்டு மூன்று துண்டு போதும்.

தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் கருவில் ஊனம் ஏற்படக்கூடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை கர்ப்பிணிகள் ஈரலையே தவிர்க்கச் சொல்கிறது. நம் வீடுகளில் கர்ப்பமானவுடன் "ரத்தம் ஊறட்டும்" என்று ஈரலை வாராவாரம் ஊட்டுகிறோம். அன்பினால் செய்கிறோம், ஆனால் வேண்டாம். ரத்தம் ஊற வேறு வழி உண்டு, சொல்கிறேன்.

அதற்கு முன், ரத்தச்சோகையும் ஈரலும் எப்படிச் சந்தித்தன என்ற கதை. நூறு ஆண்டுக்கு முன்பு ஒருவகை ரத்தச்சோகை வந்தால் சாவு நிச்சயம் என்ற நிலை. அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள், நாய்களின் ரத்தத்தை வடித்து, எந்த உணவால் அது விரைவில் ஊறுகிறது என்று பார்த்தார். ஈரல் முதலிடத்தில் நின்றது. அதைக் கேட்டு ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்ஃபி என்ற இரு பாஸ்டன் மருத்துவர்கள் 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரலைத் தின்னக் கொடுத்து, அவர்கள் பிழைத்ததை 1926-இல் அறிவித்தார்கள். 1934-இல் மூவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் ஏன் அவ்வளவு ஈரல் தேவைப்பட்டது? வில்லியம் காசில் என்பவர் வேறு ஒரு கேள்வி கேட்டார். நல்ல உடம்புக்காரர் ஏன் தினமும் ஈரல் தின்னாமலே நன்றாக இருக்கிறார்? அவர் தாமே மாட்டிறைச்சியைத் தின்று, ஒரு மணி நேரம் கழித்து வயிற்றிலிருந்து அதை வெளியே எடுத்து, குழாய் வழியாக நோயாளிக்குக் கொடுத்தார். அருவருப்பாக இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் நோயாளிக்கு ரத்தம் ஊறியது. வெறும் இறைச்சியைக் கொடுத்தபோது ஊறவில்லை. நோயாளியின் இரைப்பையில் ஏதோ ஒரு பொருள் சுரக்காமல் போனதுதான் நோய் என்று புரிந்தது. ஈரலில் இருந்த மருந்துப் பொருள் 1948-இல் சிவப்புப் படிகமாகப் பிரிக்கப்பட்டது. அதுதான் பி12. அதன் அமைப்பை 1956-இல் கண்டுசொன்னவர் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெண்மணி. அதன் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது.

இந்தக் கதையின் இன்னொரு பாதி நம் நாட்டிலேயே நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் ரத்தச்சோகையை ஆராய்ந்தார். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். திருவல்லிக்கேணியில் இன்றைக்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். சுத்திகரித்த ஈரல் சாறு அந்தப் பெண்களுக்குக் கேட்கவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறு கேட்டது. மலிவான ஈஸ்ட் சாறும் கேட்டது. அப்படியானால் ஈரலில் இன்னொரு பொருள் இருக்கிறது என்று அவர் கண்டார். அந்தப் பொருளைத்தான் இன்று ஃபோலிக் அமில மாத்திரையாக நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையைக் கையில் வாங்கும்போது, பம்பாய் ஆலைப் பெண்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை நினையுங்கள்.

ஈரலில் இருந்தாலும் பி12-ஐ ஆடு உண்டாக்குவதில்லை. எந்த விலங்கும், எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்களால் மட்டுமே முடியும். ஆட்டுக்கு இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறையான அசையூண் இரைப்பைதான் பெரியது, உள்பக்கம் பூந்துவாலை போலச் சொரசொரப்பாக இருக்கும். அடுத்தது வலைப்பை, உள்ளே அறுகோணக் கட்டங்கள். மூன்றாவதில் ஏடு ஏடாக மடிப்புகள். நான்காவதுதான் நம்முடையதைப் போன்ற, அமிலம் சுரக்கும் இரைப்பை. முதல் அறையில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வேலங்காயும் ஆலிலையும் நம் வயிற்றில் செரிக்காது. அந்தப் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து, மண்ணிலிருந்து இலைக்கு வந்த கோபால்ட்டைக் கொண்டு பி12 செய்கின்றன. அது ஆட்டின் ரத்தத்தில் கலந்து ஈரலில் தங்குகிறது.

மாட்டுக்கும் அதே நான்கு அறைகள்தான். அங்கே உண்டாகும் பி12 பாலுக்கும் வருகிறது. அரை லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம், அதாவது ஒரு நாள் தேவைக்கு அருகில். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் சிலர், கறியைப் பற்றிய கூட்டத்தில் நமக்கென்ன வேலை என்று தயங்கியதாக அறிந்தேன். ஐயா, உங்கள் தயிர்சாதத்துக்கும் காட்டூர் ஈரல் வறுவலுக்கும் பி12 தருவது அசைபோடும் பிராணியின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரே வகை நுண்ணுயிர்க் கூட்டம்தான். பாலும் தயிரும் கூட வேண்டாம் என்று விட்டவர்கள் மட்டும் பி12-ஐ மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும்.

சரி, ரத்தம் ஊற என்ன வழி என்று சொல்கிறேன் என்றேன். அது சுவரொட்டி.

மண்ணீரலை நம் ஊரில் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான், சின்னது, வேகமாக விற்றுவிடும். ரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்கள் நம் உடம்பில் ஏறக்குறைய 120 நாள் வாழும், ஆட்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. கிழடான அணுக்களைப் பிடித்து உடைத்து, அவற்றிலிருந்து இரும்பை மீட்டெடுப்பது மண்ணீரலின் அன்றாட வேலை. ஆகவே அங்கே இரும்பு குவிந்திருக்கிறது. 100 கிராம் ஆட்டுச் சதையில் 2 மில்லிகிராம் அளவு, ஈரலில் 7 அளவு, செம்மறி மண்ணீரலில் 40-ஐயும் தாண்டும். வைட்டமின் ஏ சேமிப்பது ஈரலின் வேலை, மண்ணீரலின் வேலை அல்ல. அதனால் கர்ப்பிணிக்கு ஈரலைவிட இது பொருத்தம். நன்றாக வேக வையுங்கள். சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள்.

ரத்தப் பொரியலுக்கும் இதே கணக்குத்தான். மாசியில் நம் புத்தூர் குழுமாயி அம்மன் கோயில் குட்டிகுடித்தல் திருவிழாவில் ரத்தத்துக்கு இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். வழிபாட்டைப் பற்றி நான் பேசவில்லை, வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசுகிறேன். ரத்தத்தில் இருக்கும் இரும்பைக் குடல் எளிதாக உறிஞ்சும். முருங்கைக்கீரையின் இரும்பை அவ்வளவு எளிதாக உறிஞ்சாது, அதற்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணை வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையின் இரும்பு பெரும்பாலும் வீணாகும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தச்சோகை. இந்த அரங்கிலேயே இருப்பார்கள். மாதாமாதம் ரத்தம் இழப்பவள் பெண். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சட்டியிலிருந்து ஈரல் துண்டும் சுவரொட்டியும் முதலில் யார் இலைக்குப் போகின்றன? உழைத்து வருகிறவர் என்று அப்பாவுக்கு, வளருகிற பிள்ளை என்று மகனுக்கு. சமைத்தவளுக்குக் குழம்பு மட்டும் மிஞ்சுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண்களே, இது எனக்குக் கோபம் வரும் இடம். வயதுக்கு வந்த மகள் வீட்டில் இருந்தால் அந்தச் சுவரொட்டி அவள் தட்டுக்குத்தான் போக வேண்டும். உடற்கூறு அதைத்தான் சொல்கிறது.

ஓர் எச்சரிக்கை. "எந்த உறுப்பில் நோயோ அந்த உறுப்பைத் தின்னு" என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. இளைப்புக்கு நுரையீரல், சிறுநீரகக் கோளாறுக்குக் குண்டிக்காய், புத்திக்கு மூளை. கண்ணுக்கு ஈரல் என்பதும் ரத்தத்துக்குச் சுவரொட்டி என்பதும் பலித்தது அந்த உறுப்புகளின் வேலையால். இளைப்புக்கு நுரையீரல் பலிக்காது, ஏனென்றால் நுரையீரல் வேலை காற்றை மாற்றுவது, காற்றைச் சேமித்துவைத்து நமக்குத் தருவது அல்ல. வயிற்றில் போனதும் அதுவும் மற்ற புரதத்தைப் போலச் செரித்துப்போகும். அறுக்கும்போது இரைப்பைத் தீனி மூச்சுக்குழலில் ஏறி நுரையீரலுக்குள் போகக்கூடும் என்பதற்காக அமெரிக்கா 1971 முதல் ஆட்டு, மாட்டு நுரையீரலை உணவாக விற்கத் தடை போட்டிருக்கிறது. நாம் தின்பதானால் காற்றுக்குழல்களைப் பிளந்து கழுவித் தின்ன வேண்டும். குண்டிக்காயும் ஈரலும் யூரிக் அமிலத்தைக் கூட்டும், கீல்வாதக்காரர் தொடக் கூடாது. மூளையில் 100 கிராமுக்கு 1,300 மில்லிகிராமுக்குக் குறையாத கொழுப்பு வகையான கொலஸ்டிரால், ஆறேழு முட்டையில் இருப்பது. நரம்பின் உறை கொழுப்பால் ஆனது, அதனால் அப்படி. என்றைக்கோ ஒரு நாள் தின்னலாம்.

ஆட்டைப் பார்த்து மனிதனை முடிவுசெய்யும் பிழையை மாமேதைகளே செய்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த காலன் மனித உடலை அறுக்க முடியாமல் விலங்குகளை அறுத்துப் படித்தார். ஆட்டின் மூளைக்கு அடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் வலையாகப் பின்னிக் கிடக்கும். மனிதனுக்கும் இருக்கிறது, மூளையை இயக்கும் சக்தி அங்கேதான் பிறக்கிறது என்று அவர் எழுதிவைத்தார். 1,300 ஆண்டுக்கு மேல் மருத்துவர்கள் அதை நம்பினார்கள். மனித உடலை அறுத்துப் பார்த்த வெசாலியஸ் 1543-இல் வெளியிட்ட நூலில் அது மனிதனிடம் இல்லை என்று காட்டினார். ஆட்டுக்கு அந்த வலை எதற்கு? மூக்கில் குளிர்ந்து வரும் ரத்தம் அந்த வலையைத் தொட்டு, மூளைக்குப் போகும் சூடான ரத்தத்தைத் தணிக்கிறது. நம் திருச்சி வெயிலில் ஆடு நாளெல்லாம் மேய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறுதியாகக் கழிவைப் பற்றி. உறுப்பு அந்தப் பிராணி வாழ்ந்த வாழ்க்கையைப் பதிந்து வைத்திருக்கும். ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிரம்பிய வெண்மையான கொப்புளப் பை தெரிந்தால் அது நாடாப்புழுவின் நீர்க்கட்டி. கடைக்காரர் அதை வெட்டித் தெருவில் எறிந்தால் நாய் தின்னும். நாயின் குடலில் புழு வளர்ந்து, மலத்தில் முட்டை விழும். அந்த மண்ணில் விளையாடிய பிள்ளையின் கையிலிருந்து வாய்க்குப் போய், அந்தப் பிள்ளையின் ஈரலில் கட்டி வளரும். கட்டி இருந்த ஈரலைத் தின்றவருக்கு அது வருவதில்லை. தெருவில் எறிந்ததால் வருகிறது. ஆகவே கழிவை உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையிலும் காலி மனையிலும் கொட்டுவது வெறும் நாற்றப் பிரச்சினை அல்ல. ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். மாநகராட்சி முத்திரை போட்ட கறியைக் கேட்டு வாங்குங்கள். அந்த முத்திரை, ஈரலை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

மருந்தும் அப்படித் தங்கும். மாட்டுக்கு வலிமருந்தாகப் போட்ட டைக்குளோஃபெனாக், அது செத்த பிறகு ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருந்தது. அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் 2004-இல் தெரிந்தது, 2006-இல் இந்தியா கால்நடைக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. இன்று தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்கில்தான் அவை மிஞ்சியிருக்கின்றன. ஆடு வளர்க்கிறவர்கள் இங்கே இருந்தால், ஊசி போட்ட ஆட்டை மருத்துவர் சொன்ன நாள் கழியும் முன் சமயபுரம் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.

பேச்சு போதும். பக்கத்து அறையில் மேசை மேல் ஓர் ஆட்டின் இரைப்பை, ஈரல், சுவரொட்டி, இதயம் நான்கையும் கழுவி வைத்திருக்கிறேன். பார்க்க விருப்பமில்லாதவர்கள் தாராளமாக இங்கேயே இருக்கலாம், இந்த அறைக்குள் எதையும் கொண்டுவர மாட்டேன். பிள்ளைகள் முதலில் வாருங்கள், கையுறை இருக்கிறது. இரைப்பையின் நான்கு அறைகளையும் நீங்களே பிரித்துக் காட்ட வேண்டும். இதயத்தைப் பிளந்தால் உள்ளே நான்கு அறை இருக்கும், அதில் எந்தச் சுவர் தடித்தது என்று விரலால் அமுக்கிப் பாருங்கள், ஏன் தடித்தது என்று என்னிடம் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் அங்கேயே கேட்கலாம்.